மெத்துன்னு ஆப்பிள் குக்கீ வேணும், மறுநாளே பிசுபிசுத்துப் போகுது. வழி சொல்லுங்க

திருநகர் மருமகள் (மதுரை):

எல்லாருக்கும் வணக்கம். இங்க தேடிப் பாத்தேன். சாக்லேட் குக்கீக்கும் வாழைப்பழக் கேக்குக்கும் நிறைய பேர் எழுதியிருக்கீங்க, ஆப்பிள் போட்ட குக்கீ பத்தி ஒண்ணும் அகப்படல. அதான் தனியாக் கேக்குறேன்.

எங்க மாமனாருக்கு மேல்வரிசைப் பல் முழுக்க எடுத்துட்டு செட்டு கட்டியிருக்கு. சாயங்காலம் காபிக்கு எதையாவது கடிச்சே ஆகணும் அவருக்கு. முறுக்கு, தட்டை, சீவல் எல்லாம் நின்னு போச்சு. கடை பிஸ்கட்டக் காபியில முக்கிச் சாப்பிடுங்க மாமான்னா, கொழகொழன்னு ஆயிருதுன்னு வேணாங்கிறாரு. ஆப்பிள்னா உசுரு, ஆனா துண்டு போட்டுக் குடுத்தாலும் செட்டு கழண்டுக்குது. அதனால ஆப்பிள் ருசி தெரியணும், கையில எடுத்தா உடையக் கூடாது, வாயில வச்சா மெத்துன்னு போகணும். அப்படி ஒரு குக்கீ செஞ்சு குடுக்கணும்னு இருக்கேன்.

நான் போடுற அளவு இது: மைதா ஒன்றரை கப், வெண்ணெய் 100 கிராம், சீனி முக்கால் கப், முட்டை ஒண்ணு, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், கொஞ்சம் பட்டைத்தூள், நடுத்தர சைஸ் ஆப்பிள் ரெண்டு, துருவிப் பிழியாம அப்படியே. 28 லிட்டர் ஓடிஜி (கரண்டு ஓவன்), 180 டிகிரி, 15 நிமிஷம்.

கரண்டியில எடுத்து வச்ச குமி அப்படியே நிக்குது, விரியவே மாட்டேங்குது. உள்ள கேக்காத்தான் இருக்கு. சூடா இருக்கும்போது ருசி நல்லாருக்கு. மறுநாள் டப்பாவத் தொறந்தா மேல பிசுபிசுன்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்னும் அஞ்சு நிமிஷம் சேத்து வச்சா அடி கருகுது, நடுவுல ஈரம் போகல. துருவல ஒட்டப் பிழிஞ்சுட்டுப் போட்டா ஆப்பிள் போட்டதே தெரியல.

எந்த ஆப்பிள் வாங்கணும்? துருவணுமா, நறுக்கணுமா? சீனிக்குப் பதிலா நாட்டுச் சர்க்கரை போடலாமா? பாதி கோதுமை மாவு சேக்கலாமா? மதுரை வெயில்ல வெண்ணெய் வெளிய எடுத்து வச்ச கொஞ்ச நேரத்துலயே ஓடிருது, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.


கணபதி அடுப்படி (கோவை):

தங்கச்சி, நான் கோயமுத்தூர் கணபதியில வீட்டுலயே ஆர்டர் எடுத்து பேக் பண்ணிக் குடுக்கறனுங்க. கேக்கை விட குக்கீதான் எனக்கு அதிகம் போகுது. பழம் சேத்த குக்கீ கேக்கறவங்க முக்காவாசி வயசானவங்க இருக்கற வீடுதான். அதனால உங்க கேள்வியப் பாத்ததும் உக்காந்து எழுதோணும்னு தோணுச்சு. நீளமா இருக்கும், பொறுமையாப் படிங்க.

மெத்துன்னு இருக்கறதும் ஈரமா இருக்கறதும் வேற வேறங்க. குக்கீக்கு மெது குடுக்கறது சர்க்கரை, வெண்ணெய், மஞ்சக்கரு, அப்புறம் அடுப்புல இருந்து எப்ப எடுக்கறோம்ங்கறது. ஆப்பிள்ல இருந்து வர்றது வெறும் ஈரம். அந்த ஈரம் மாவுக்குள்ள போனா கேக் ஆகும், மேல வந்தா பிசுபிசுக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஆப்பிள்ல நூத்துக்கு 85 பங்கு தண்ணிதான். ரெண்டு ஆப்பிள் துருவுனா 300 கிராம் வருதுன்னு வெச்சுக்குவோம், அதுல 250 கிராமுக்கு மேல தண்ணி. ஒன்றரை கப் மைதா 190 கிராம் சொச்சம்தான் இருக்கும். மாவை விடத் தண்ணி ஜாஸ்திங்க! அத்தனையும் ஒரேயடியா வெளிய வராது, ஆனா துருவுன பழத்துல சர்க்கரை பட்டா நீர் விட ஆரம்பிச்சுரும். மைதாவுல இருக்கற மாவுச்சத்து அந்தத் தண்ணியக் குடிச்சு ஊதி நின்னுக்கும். அதான் விரிய மாட்டேங்குது. மிச்சத் தண்ணி ராத்திரி டப்பாக்குள்ள மெல்ல வெளிய வந்து மேல்பக்கச் சர்க்கரையக் கரைக்குது. நீங்க எத்தனை நிமிஷம் கூட்டி வெச்சாலும் அது சரியாகாதுங்க, அடி தீஞ்சு போறதுதான் மிச்சம்.

அதனால ஆப்பிளை மொதல்லயே வதக்கோணும். இந்த ஒரு வேலையில அவசரப்படாதீங்க, மத்ததெல்லாம் தானா வரும்.

தோல் சீவிருங்க. மாமாவுக்கு செட்டுன்னு சொன்னீங்க, ஆப்பிள் தோல் வெந்தாலும் கரையாது. செட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல போய் உக்காந்துட்டா வேதனை. முந்திரி, வால்நட் எதுவும் போடாதீங்க, அதுவும் அப்படித்தான். பழத்தைக் கொண்டக்கடலை அளவுக்குப் பொடியா நறுக்குங்க, துருவ வேண்டாம். துருவுனா சாறு அத்தனையும் இறங்கி நாருதான் மிஞ்சும். நறுக்குன துண்டு வதங்குனாலும் துண்டாவே நிக்கும், வாயில ஆப்பிள்னு தெரியும். நறுக்கி 250 கிராம் எடுத்துக்குங்க.

அடிகனமான ஸ்டீல் இல்லைன்னா நான்ஸ்டிக் சட்டி வெச்சு (இரும்புச் சட்டி வேண்டாம், ஆப்பிள் புளிப்புக்குக் கறுத்துப் போயி இரும்பு வாசம் ஏறிக்கும்) ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய் உருக்கி, ஆப்பிள், ரெண்டு டேபிள்ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு போட்டு மிதமான தீயில வதக்குங்க. மொதல்ல தண்ணி விட்டுக்கிட்டு சளசளன்னு கொதிக்கும். கொஞ்ச நேரத்துல பாகு மாதிரி ஆகும். அங்க நிறுத்தீராதீங்க, இன்னும் உள்ள தண்ணி இருக்கு. கொதிக்கற சத்தம் மாறி வெண்ணெயில பொரியற சத்தம் கேக்கும், துண்டு ஓரமெல்லாம் செவக்கும், கரண்டியால இழுத்தா சட்டி அடி சுத்தமாத் தெரியும். அப்ப எறக்குங்க. வீட்டுல தராசு இருந்தா நிறுத்துப் பாருங்க. 140 முதல் 150 கிராம் இருந்தாச் சரி. 180 இருந்தா மறுபடி அடுப்புல வைங்க. எறக்கினதும் பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன் தூவி, தட்டுல பரப்பி ஃபேன் காத்துல நல்லா ஆற விடுங்க. கைக்குச் சூடே தெரியக் கூடாது. லேசாச் சூடு இருந்தாக்கூட வெண்ணெய் உருகி மாவு எண்ணெய் விட்டுக்கும்.

ஆப்பிள் எதுன்னு கேட்டீங்க. பச்சை ஆப்பிள், அதாவது கிரானி ஸ்மித், வருஷம் பூரா கெடைக்குது. புளிப்பு இருக்கு, வதக்குனாலும் கரையாது. இந்தக் குக்கீக்கு அதுக்கு மேல ஒண்ணு இல்லைங்க. விலை கட்டுப்படியாகலைன்னா ஃபுஜி, காலா ரெண்டும் பரவாயில்லை. ஷிம்லா ஆப்பிள் ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் புதுசா வர்றப்ப அருமையா இருக்கும். நாம ஷிம்லான்னு வாங்கறதுல பெரும்பாலும் டெலிஷியஸ் வகைதான். 1916ல சாமுவேல் ஸ்டோக்ஸ்னு ஒரு அமெரிக்கர் ஷிம்லாவுக்கு அங்கிட்டு கோட்கட்ல அந்தக் கன்னைக் கொண்டாந்து நட்டாரு. அவரு இங்கேயே தங்கி, சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்கும் போனவருங்க. அந்தப் பழம் பச்சையாக் கடிச்சுத் திங்கறதுக்கு ஏத்தது. இனிப்பு அதிகம், புளிப்பு கம்மி, அதனால அதைப் போட்டா வதக்கறப்ப ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேருங்க. குளிர்கிடங்குல இருந்து மே, ஜூன்ல வர்ற டெலிஷியஸ் வேண்டவே வேண்டாம். உள்ள மாவாட்டம் ஆயிருக்கும், வதக்குனா கூழாத்தான் வரும். கடையில ஒண்ணை எடுத்து விரலால சுண்டுங்க. கிண்ணுனு கேட்டா வாங்குங்க, பொத்துன்னு கேட்டா வெச்சுருங்க.

இப்ப மாவு. மைதா 200 கிராம், சோளமாவு (வெள்ளையா இருக்கற கார்ன்ஃப்ளார்) ஒரு டேபிள்ஸ்பூன், மிக்ஸியில பொடிச்ச ஓட்ஸ் 40 கிராம், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. எல்லாம் ஒண்ணாச் சலிச்சு வெச்சுக்குங்க. ஓட்ஸ் எதுக்குன்னா, ஆப்பிள்ல மிஞ்சியிருக்கற கொஞ்ச நஞ்ச நீரை அது இழுத்து வெச்சுக்கும். முழுசாப் போட்டா சவச்சவன்னு இருக்கும், மாமாவுக்காகத்தான் பொடிக்கச் சொல்றேன். பேக்கிங் பவுடரை விட்டுட்டு சோடாவுக்கு மாறுங்க. பவுடர் போட்டா மேல எழும்பும், சோடா போட்டா பக்கவாட்டுல விரியும், நல்லாச் செவக்கும்.

வெண்ணெய் 115 கிராம், உப்பில்லாதது. அமுல் மஞ்சள் கட்டியில உப்பு இருக்கும், அதைப் போட்டா மாவுல உப்பு வேண்டாம். நாட்டுச் சர்க்கரை 110 கிராம், வெள்ளைச் சர்க்கரை 40 கிராம். நாட்டுச் சர்க்கரை போடலாமான்னு கேட்டீங்களே, போட்டே ஆகோணுமுங்க! வெள்ளைச் சர்க்கரை மொறுமொறுப்பு குடுக்கும். நாட்டுச் சர்க்கரையில இருக்கற கரும்புப் பாகு ஈரத்தைப் புடிச்சு வெச்சுக்கும், மூணாம் நாளும் குக்கீ வளைஞ்சு குடுக்கறது அதனாலதான். வாங்குனதும் சலிச்சுருங்க, கட்டியும் கரும்புச் சக்கையும் கெடக்கும். ரொம்ப வெளுப்பா, மஞ்சளா மின்னுறதை வாங்காதீங்க. கொஞ்சம் கருப்பாத்தான் இருக்கோணும், அதுலதான் வாசமும் இருக்கு.

வெண்ணெயைப் பத்திச் சொல்றேன். "அறை வெப்பநிலை"ன்னு குறிப்புல போட்டிருப்பாங்க. அது குளிர் நாட்டுக்காரங்க அறை, 20 டிகிரி. நம்மூர்ல 34, 35. அந்தச் சூட்டுல வெண்ணெய் உருகவே ஆரம்பிச்சுரும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து சின்னச் சின்னத் துண்டாக்கி, பத்து நிமிஷம் போதும். விரலால அழுத்துனா குழி விழோணும், விரல்ல எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. சர்க்கரையோட சேத்து ரெண்டு நிமிஷம் அடிச்சாப் போதும், கேக்குக்கு அடிக்கற மாதிரி வெளுக்க வெளுக்க அடிக்காதீங்க. காத்து நிறைய ஏறுனா மறுபடி கேக்தான்.

முட்டையில மஞ்சக்கரு ஒண்ணு மட்டும். வெள்ளைக்கரு முக்காவாசி தண்ணிக்கு மேலங்க, மிச்சம் புரதம். வெந்ததும் இறுகிக்கும். மஞ்சக்கருவுல கொழுப்பு இருக்கு, அதான் மெது. அதைச் சேத்து, மாவைப் போட்டு, கரண்டியால பெரட்டி, மாவு கண்ணுல மறையறப்ப ஆப்பிளைச் சேத்து நிறுத்திருங்க. பிசையாதீங்க. ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல மூடி வைங்க. மதுரையில இந்த ஒரு மணி நேரத்தை விட்டுறாதீங்க. விட்டா தட்டு பூரா ஓடி ஒரே அப்பளமா வரும்.

38, 40 கிராம் உருண்டையாப் பிடிச்சா 17, 18 வரும். உள்ளங்கையால லேசா அமுக்கி, இடைவெளி விட்டு வைங்க. 170 டிகிரி, ஓவனை முழுசா 15 நிமிஷம் சூடு பண்ணுன பிறகு, நடுத்தட்டுல 12 முதல் 14 நிமிஷம். ஓரம் கெட்டியாகி இருக்கோணும், நடுவுல தொட்டா இன்னும் வேகலையோன்னு சந்தேகம் வரோணும். அப்பவே எடுத்துருங்க. தட்டுச் சூட்டுலயே பத்து நிமிஷம் வெச்சா நடுவும் வெந்துரும். நடு கெட்டியாகற வரைக்கும் உள்ள வெச்சா, ஆறுனதும் கடிக்க முடியாது.


சின்னக்கிளி (ஸ்காபரோ):

கணபதி அக்கா சொன்னது முழுக்கச் சரி. நான் ஒரு வழி கூடச் சொல்லுறன், துருவித்தான் போட வேணும் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு.

இஞ்ச கனடாவில செப்டெம்பர் வந்தா பிள்ளையளோட தோட்டத்துக்குப் போய் அப்பிள் பிடுங்கிக்கொண்டு வாறது வழக்கம். கூடை கூடையா மக்கின்டோஷ் வந்து சேரும். அது எங்கட ஒன்ராறியோப் பழம்தான், 1811இல ஜோன் மக்கின்டோஷ் எண்டவர் டண்டேலாவில தன்ர காணியில கண்டெடுத்த மரத்தின்ர வழி. நல்ல வாசம், நல்ல புளி. ஆனா சட்டியில போட்ட உடன கரைஞ்சு களியாப் போடும். நறுக்கி வதக்கினாத் துண்டு நிக்காது. அதனால நான் துருவி, துணியில கட்டி ஒட்டப் பிழிஞ்சு, அந்தச் சாறை எறியாமல் சின்னச் சட்டியில வத்த வைக்கிறனான். ஒரு கப் சாறு ரெண்டு மேசைக்கரண்டிக்கு வரும் வரைக்கும் வத்த விட வேணும், பாணி, அதாவது பாகு மாதிரி வரும். பிழிஞ்ச துருவலை மாவுக்கையும், பாணியை சீனியோடயும் சேர்த்தா, தண்ணி போயிட்டுது, ருசி போகேல்ல. திருநகர் தங்கச்சி பிழிஞ்சு போட்டுச் சப்பெண்டு இருந்தது எண்டு எழுதினவ, சாறுக்குள்ளதான் புளியும் வாசமும் இருந்தது. பாணி இனிப்பு எண்டபடியா சீனியில ரெண்டு மேசைக்கரண்டி குறைக்க வேணும்.

மற்றது, கறுவா, நீங்கள் பட்டை எண்டு சொல்லுறது. கடையில தூளா விக்கிறது அனேகமாத் தடிச்ச பட்டையில அரைச்சது, காரமா இருக்கும். சுருள் சுருளா, மெல்லிசா, கையால நொறுக்கக் கூடிய கறுவா கிடைச்சா அதை வறுக்காமல் இடிச்சுப் போடுங்கோ. அப்பிளை அமத்தாது. ரெண்டு ஏலக்காயும் சேத்தா என்ர அம்மாவுக்குப் பிடிக்கும், அவவுக்கும் பல்லுக்கட்டுத்தான்.


தேனி பேச்சிலர்:

ஓவன் இல்லாதவங்களுக்கு ஒரு தகவல். நான் அடிகனமான பழைய அலுமினியச் சட்டியில ரெண்டு விரல் உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, மேல ஸ்டாண்டு வச்சு, மூடி போட்டு பத்து நிமிஷம் நல்ல தீயில சூடு பண்ணுவேன். அப்புறம் தீயக் கம்மி பண்ணி, தட்டுல அஞ்சாறு உருண்டை மட்டும் வச்சு 20, 22 நிமிஷம். மூடியில ஒரு துணியச் சுத்திக் கட்டிரணும், இல்லாட்டி ஆவி சொட்டி குக்கீ மேலேயே விழும். மேல செவக்காது, வெளுப்பாத்தான் இருக்கும், ஆனா மெது அருமையா வரும். துணி முனை தீயில படாம மூடிக்கு மேல முடிச்சுப் போடுங்க. அக்கா சொன்ன வதக்கல் முறையிலதான் நானும் கொய்யா, ஆப்பிள் ரெண்டுக்கும் பண்றேன்.


கோத்தகிரி வீடு:

எங்க ஊர் ஆறாயிரம் அடிக்குக் கிட்ட. மலையில இருக்கவங்க இதே அளவு போட்டா சோடா அதிகமாயிடும். காத்தழுத்தம் கம்மிங்கறதால குக்கீ சீக்கிரம் பொங்கி அப்புறம் அமுங்கிடும். சோடாவை அரையில இருந்து கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் குறைச்சுக்கங்க. சர்க்கரையில ஒரு ஸ்பூன் குறைங்க. ஓவன் சூட்டை அஞ்சு, பத்து டிகிரி கூட்டிக்கங்க. வெண்ணெய் கவலை எங்களுக்கு இல்ல, அதை இளக்கத்தான் அடுப்புக்குப் பக்கத்துல வைக்கணும்.

ஜூலை, ஆகஸ்ட்ல எங்க பக்கம் பேரிக்காய் கொட்டிக் கிடக்கும். அந்தக் கெட்டியான நாட்டுப் பேரிக்காயையும் இதே மாதிரி வதக்கிப் போடலாம். ஆப்பிளை விடக் கொஞ்சம் கூட நேரம் பிடிக்கும். நடுவுல இருக்கற நறநறப்பான பகுதியத் தாராளமா வெட்டி எடுத்துடுங்க. பட்டைக்குப் பதிலா சுக்குப்பொடி போட்டா அதுக்குப் பொருத்தமா இருக்கு.


திருநகர் மருமகள் (மதுரை):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கணபதி அக்கா, நேத்து நீங்க சொன்ன மாதிரியே வதக்கிப் போட்டேன். பொரியுற சத்தம் வர்ற வரைக்கும் நின்னேன், 145 கிராம் வந்துச்சு. குக்கீ விரிஞ்சுச்சு! இன்னைக்குக் காலையில டப்பாவத் தொறந்து பாத்தேன், ஒட்டல. மாமா ரெண்டு எடுத்துக்கிட்டு, மூணாவதுக்குக் கை நீட்டுனாரு.

இன்னும் கொஞ்சம் கேக்கணும். அத்தை முட்டை சாப்பிட மாட்டாங்க, அவங்களுக்குத் தனியாச் செய்யணும். கோதுமை மாவு எவ்வளவு சேக்கலாம்? அடி இப்பவும் மேல் பக்கத்த விடக் கொஞ்சம் கருப்பாத்தான் வருது. அப்புறம் ஓசூர்ல நாத்தனார் வீட்டுக்கு பஸ்ல குடுத்து விடலாமா, தாங்குமா?


கணபதி அடுப்படி (கோவை):

மூணாவதுக்குக் கை நீட்டுனாருன்னு படிச்சதும் எனக்கு மனசு நெறஞ்சுபோச்சுங்க.

அத்தைக்கு: மஞ்சக்கருவுக்குப் பதிலா துணியில கட்டித் தண்ணி வடிச்ச தயிர் ரெண்டு டேபிள்ஸ்பூன், பால்பவுடர் ஒரு டேபிள்ஸ்பூன். தயிர் புளிப்புக்கு சோடா நல்லா வேலை செய்யும். வடிக்காத தயிர் ஊத்துனா வதக்கி வெளிய அனுப்புன தண்ணிய நாமளே திரும்பக் கூப்பிட்டுக்கற மாதிரி ஆயிரும். கண்டென்ஸ்டு மில்க்கும் போடலாம், மூணு டேபிள்ஸ்பூன். போட்டா வெள்ளைச் சர்க்கரை 30 கிராம் குறைச்சுருங்க. முட்டை இல்லாதது கொஞ்சம் வெளுப்பா வரும், செவக்கட்டும்னு கூட வெச்சுறாதீங்க.

கோதுமை மாவு: 200ல 70 கிராம் வரைக்கும் சேக்கலாம். நம்ம சப்பாத்தி மாவு நெறைய நீர் இழுக்கும், அதுக்கு மேல போனா குக்கீ வறண்டு கனமா ஆயிரும். சேத்தா ஃப்ரிட்ஜ்ல ஒரு மணிக்குப் பதிலா ராத்திரி பூரா வைங்க. தவிடு ஊறி இளகிக்கும், இல்லைன்னா நாக்குல நெருடும். நாளைக்கு வேணும்னா இன்னைக்கே பிடிச்சு வெச்சுருங்கன்னு நான் மைதாவுக்கும் சொல்லுவேன். ராத்திரி ஊறுன மாவுல பட்டையும் ஆப்பிளும் நல்லாக் கூடி வாசமே வேற மாதிரி இருக்கும்.

அடி கருகறது: உங்க தட்டு கருப்பாத்தான் இருக்கும்னு நெனைக்கறேன். ஓடிஜியோட வர்ற கருப்புத் தட்டு சூட்டை வேகமா இழுக்கும். வெளிர் நிற அலுமினியத் தட்டு பாத்திரக் கடையில கெடைக்கும். அதுவரைக்கும் இருக்கற தட்டு ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, மேல பட்டர் பேப்பர் போட்டு வைங்க. இன்னொண்ணு, திருகுல 170ன்னு வெச்சா உள்ள 170தான் இருக்குதுன்னு நம்பாதீங்க, பத்து இருவது டிகிரி தள்ளித்தான் பல ஓவன்ல இருக்கும். உள்ள தொங்க விடற ஓவன் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிப் போடுங்க. நான் சொல்ற நிமிஷக் கணக்கெல்லாம் அது இருந்தாத்தான் உங்களுக்குப் பொருந்தும்.

வெச்சுக்கறதுக்கு: வதக்குனாலும் பழம் பழம்தானுங்க. வெளிய ரெண்டு நாள், ஃப்ரிட்ஜ்ல அஞ்சு நாள். ஃப்ரிட்ஜ்ல வெச்சது கொஞ்சம் விறைச்சுக்கும். காபிக்கு அரை மணி நேரம் முன்னால வெளிய எடுத்து வைங்க, இல்லைன்னா 150 டிகிரியில மூணு நிமிஷம் காட்டுனா மறுபடி இளகிரும். நான் பண்றது என்னன்னா, உருண்டையாவே பிடிச்சு, தட்டுல வெச்சு ஃப்ரீசர்ல இறுக்கி, அப்புறம் கவர்ல போட்டு வெச்சுருவேன். ரெண்டு மாசம் வரைக்கும் ஒண்ணும் ஆகாது. மாமாவுக்கு நாலு வேணும்னா நாலு மட்டும் எடுத்து, இளக விடாம அப்படியே வைங்க, ரெண்டு நிமிஷம் கூடப் பிடிக்கும். தெனமும் புதுசாக் குடுக்கலாம், மாவு பிசுக்கு மாசத்துக்கு ஒரு தடவைதான்.

ஓசூருக்குத் தாராளமாக் குடுத்து விடலாம். அதுக்கு மட்டும் ஒரு நிமிஷம் கூட வெச்சு எடுங்க, ஓரம் கொஞ்சம் கெட்டியா இருந்தாத்தான் பஸ் குலுக்கலுக்குத் தாங்கும். சூடு துளியும் இல்லாம, மூணு மணி நேரமாவது வெளிய ஆறோணும். சூட்டோட மூடுனா டப்பாக்குள்ள வேர்த்து மறுபடி பிசுபிசுப்புதான். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவுல பட்டர் பேப்பர் போடுங்க. டப்பாவ முழுசா நெறச்சுருங்க, எடம் இருந்தா பேப்பரைக் கசக்கி அடைச்சுருங்க, உள்ள ஆடக் கூடாது. பகல் வண்டியில வேண்டாம், ராத்திரி வண்டியில குடுத்து விடுங்க.